காப்புறுதி நிறுவனம் காசைத் திருப்பிக் கேட்டால் எந்த வழி சரி?

2023 டிசம்பர் இரண்டாவது வாரம். கனடாவின் ஸ்காபரோவில் அத்தான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவருடைய இயலாமைக் காப்புறுதி நிறுவனத்தின் கடிதம் கிடந்தது. மூன்று பக்கம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் தடித்த எழுத்தில் ஒரு தொகை: 32,710 டொலர் 13 சதம். 30 நாளுக்குள் கட்டவேண்டும், கட்டாவிட்டால் மாதக் கொடுப்பனவை நிறுத்தி அதிலிருந்து எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு படிவம். கையொப்பம் வைக்கும் இடத்தில் மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது. அத்தான் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி, எவ்வளவு காலத்துக்கு இவங்களோட இழுபடுறது? போட்டுக் குடுத்துவிடுவம்" என்றார்.

அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை அந்தப் பேனையை வாங்கி மூடி வைத்ததுதான். ஒன்றரை மாதம் கழித்து அதே நிறுவனம் அனுப்பிய திருத்திய கடிதத்தில் தொகை 21,000 டொலர். அன்று கையெழுத்து வைத்திருந்தால் 11,710 டொலர் சும்மா போயிருக்கும். முதுகெலும்பு உடைந்து வேலைக்குப் போகமுடியாமல் இருக்கிற ஒரு மனிதரிடமிருந்து.

இப்படியான கடிதம் வந்த வேறு சிலருக்கும் பிறகு உதவியிருக்கிறேன். ஒரேயடியாகக் கட்டுவதா, மாதாமாதம் கழிக்கவிடுவதா, கட்டமாட்டேன் என்று நிற்பதா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: இந்தத் தொகை சரியா? பிழையான தொகையை எந்த வழியில் கட்டினாலும் நட்டம்தான்.

இந்தக் கடன் எங்கிருந்து வருகிறது

கனடாவில் வேலைத்தலம் வழியாகக் கிடைக்கும் நீண்டகால இயலாமைக் காப்புறுதி, நம்மவர்கள் 'எல்.டி.டி.' என்று சொல்வது, பெரும்பாலும் சம்பளத்தின் 60 முதல் 70 வீதம் வரை தரும். அதே இயலாமைக்கு அரசின் கனடா ஓய்வூதியத் திட்டமும் (சி.பி.பி.) மாதக் கொடுப்பனவு தந்தால், அதைக் காப்புறுதி நிறுவனம் தன் பங்கில் கழித்துக்கொள்ளும். ஒப்பந்தத்திலேயே இருக்கிற விஷயம், இதில் ஒளிவு மறைவு இல்லை.

சி.பி.பி. இலேசில் வராது. விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். முதல் தடவை மறுத்துவிட்டால் 90 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கவேண்டும். அதுவரை காப்புறுதி நிறுவனம் முழுத்தொகையைத் தந்துகொண்டிருக்கும். கடைசியில் சி.பி.பி. கிடைக்கும்போது பழைய மாதங்களுக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை வரும். அந்த மாதங்களுக்கு இரண்டு பக்கமும் காசு வாங்கியாயிற்று என்பதால் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

இது ஒரு வகை. இன்னொரு வகை, காப்புறுதி நிறுவனமே கணக்கைப் பிழையாகப் போட்டு வருடக்கணக்கில் கூடுதலாக அனுப்பிவிட்டு, ஒருநாள் கண்டுபிடித்துத் திருப்பிக் கேட்பது. இரண்டையும் ஒரே கடிதம், ஒரே சொல்லால் குறிக்கிறது: 'மேலதிகக் கொடுப்பனவு'. ஆனால் உங்கள் கையில் இருக்கிற பலம் இரண்டிலும் ஒன்றல்ல. எந்த வகை என்று தெரியாமல் வழியைத் தெரிவுசெய்யக் கூடாது.

முதலில் தொகையைப் பிரித்துப் பாருங்கள்

அத்தானின் கணக்கையே சொல்கிறேன். அவருக்கு எல்.டி.டி. மாதம் 2,700 டொலர், 2022 ஏப்ரலிலிருந்து. சி.பி.பி.யும் அதே ஏப்ரலிலிருந்து என்று தீர்மானமானது. இயலாமை தொடங்கிய மாதத்துக்குப் பிறகு நான்காவது மாதத்திலிருந்துதான் சி.பி.பி. கணக்கிடுவார்கள். அவர் விழுந்தது 2021 டிசம்பரில். 2023 நவம்பர் வரை 20 மாதம். 2022 இல் மாதம் 1,050 டொலர். 2023 ஜனவரியில் விலைவாசிக்கு ஏற்ப சி.பி.பி. 6.5 வீதம் கூடியதால் 1,118 டொலர் 25 சதம். மொத்தம் 21,750 டொலர் 75 சதம்.

அப்படியானால் 32,710 எங்கிருந்து வந்தது? எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. அக்காதான் கண்டுபிடித்தார். வங்கிக் கணக்குத் தாளில் பிள்ளைகளின் பெயரில் வந்த காசை விரலால் தொட்டுக்காட்டி, "இதையும் சேர்த்துப்போட்டாங்களோ?" என்றார். சேர்த்துத்தான் போட்டிருந்தார்கள். சி.பி.பி. இயலாமை கிடைப்பவரின் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு கொடுப்பனவு உண்டு: 2022 இல் ஒரு பிள்ளைக்கு மாதம் 264 டொலர் 53 சதம், 2023 இல் 281 டொலர் 72 சதம். இரண்டு பிள்ளைகளுக்கு 20 மாதத்தில் 10,959 டொலர் 38 சதம். அதைத் தகப்பனின் சி.பி.பி.யோடு கூட்டினால் சதம் பிசகாமல் கடிதத்தில் இருந்த தொகை.

சரி, அதைக் கழிக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? ஒப்பந்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். வேலைத்தலத்தில் தருகிற கைநூல் போதாது. முழு ஒப்பந்தப் பிரதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில ஒப்பந்தங்கள் தொழிலாளியின் சொந்த சி.பி.பி.யை மட்டும் கழிக்கும், சில குடும்பத்துக்கு வருவதையும் சேர்த்துக் கழிக்கும். அத்தானின் ஒப்பந்தத்தில் சொந்த சி.பி.பி. மட்டும்தான் இருந்தது. அடுத்த வரியில் இன்னொன்றும் இருந்தது: முதலில் தீர்மானித்த சி.பி.பி. தொகையைத்தான் கழிக்கலாம், பிறகு விலைவாசிக்காகக் கூடுவதைக் கழிக்கக்கூடாது. ஆகவே 20 மாதமும் 1,050 தான். 21,000 டொலர்.

இந்த இரண்டு பிழையும் பழைய கணக்கோடு நின்றிருக்காது. இனி வரும் ஒவ்வொரு மாதமும் 1,050 கழிக்கவேண்டிய இடத்தில் 1,681 டொலர் 69 சதம் கழித்திருப்பார்கள். மாதம் 631 டொலர். வருடக்கணக்கில் பெருக்கிப் பாருங்கள்.

தொகையைப் பிரித்துத் தரும்படி கேட்கும் கடிதம் ஒரு பக்கம் போதும். மாதவாரியாக என்ன கொடுத்தீர்கள், என்ன கழித்தீர்கள், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி? அது வரும்வரை எந்தப் படிவத்திலும் கையொப்பமில்லை, மாதக் கொடுப்பனவை நிறுத்தவேண்டாம் என்று கடைசியில் ஒரு வரி. தொலைபேசியில் பேசினாலும் அதே நாளில் மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.

கையொப்பம் வேண்டாம் என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. ஒன்ராறியோவில் பொதுவாக ஒரு கடனுக்கு வழக்குப் போட, அது தெரியவந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் அவகாசம். 'ஆம், இவ்வளவு கடன்பட்டிருக்கிறேன்' என்று எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ அந்த இரண்டு வருடம் அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். மஞ்சள் துண்டு ஒட்டிய படிவம் கேட்பது இந்த ஒப்புதலைத்தான்.

ஒரேயடியாகக் கட்டுவது

தொகை சரி, வகை சி.பி.பி. கழிவு, வந்த காசும் வங்கியில் அப்படியே இருக்கிறது என்றால், கட்டிவிடுங்கள். தயக்கமில்லாமல் சொல்கிறேன். அந்தக் காசு இரண்டு தடவை வந்தது, அதில் ஒரு தடவை நம்முடையதல்ல. பல பேர் எல்.டி.டி. தொடங்கும்போதே 'சி.பி.பி. வந்தால் திருப்பித் தருவேன்' என்று ஒரு உடன்படிக்கையில் கையொப்பமிட்டிருப்பார்கள். அதன் பிறகு மறுப்பது கடினம், மாதக் கொடுப்பனவுதான் ஆட்டம் காணும்.

ஆனால் முழுவதையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கவும் கூடாது. வரி இருக்கிறது. சி.பி.பி. எப்போதும் வரிக்குரிய வருமானம். எல்.டி.டி. அப்படியல்ல: கட்டுப்பணம் முழுவதையும் தொழிலாளியே தன் சம்பளத்திலிருந்து கட்டியிருந்தால் அதற்கு வரியில்லை. அத்தானுக்கு அப்படித்தான். ஆக வரியில்லாத காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வரியுள்ள காசை வைத்துக்கொள்கிறார்.

மொத்தமாக வந்த சி.பி.பி. முழுவதையும் கிடைத்த வருடத்தின் வரிப்படிவத்தில் 11400 ஆம் இலக்கத்தில் காட்டவேண்டும். பழைய வருடங்களுக்கான பங்கு 300 டொலரோ அதற்கு மேலோ என்றால், அந்தந்த வருடத்தில் கிடைத்ததுபோல வரியைக் கணக்கிட்டு, அது நமக்கு நன்மையாக இருந்தால் கனடாவின் வருமானவரித் திணைக்களம் (சி.ஆர்.ஏ.) அப்படியே எடுத்துக்கொள்ளும். அதற்காக, சி.பி.பி.யைக் கொடுக்கும் அரச அலுவலகமான சேர்விஸ் கனடா அனுப்பும் வருடவாரிக் கடிதத்தைத் தொலைக்காதீர்கள். இதனால் அத்தானுக்கு வரி கிட்டத்தட்ட வரவே இல்லை. இடித்தது வேறு இடத்தில். பிள்ளைகளுக்கான கனடா சிறுவர் கொடுப்பனவு குடும்பத்தின் நிகர வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த நிகர வருமானத்தில் 21,750 டொலரும் 2023 இலேயே ஏறிவிட்டது. அடுத்த ஜூலையிலிருந்து ஒரு வருடத்துக்கு அக்காவின் கணக்குக்கு வந்த தொகை குறைந்தது. காப்புறுதி நிறுவனத்துக்குப் போய்விட்ட காசுக்காக இந்தக் குறைவு. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

எல்.டி.டி.க்கு வரி கட்டுகிறவர்களுக்கு, அதாவது யாருடைய முதலாளி கட்டுப்பணத்தில் ஒரு பங்காவது கட்டினாரோ அவர்களுக்கு, கதை வேறு. திருப்பிக் கொடுத்த தொகையை வரிப்படிவத்தில் 22900 ஆம் இலக்கத்தில் கழிவாகக் கேட்கலாம். அதற்கு நிறுவனத்திடமிருந்து எந்த வருடத்துக்கு எவ்வளவு என்று கடிதம் வேண்டும். கட்டுகிற நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

மாதக் கொடுப்பனவில் கழிக்கவிடுவது

இதில் இரண்டு விதம் உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. ஒன்று, கடன் தீரும்வரை கொடுப்பனவை முழுதாக நிறுத்துவது. மற்றது, மாதம் ஒரு அளவான தொகை கழிப்பது. கடிதத்தில் முதலாவதுதான் இருக்கும், இரண்டாவதைக் கேட்டால்தான் கிடைக்கும்.

அத்தானுக்குத் திருத்திய கணக்கில் மாதம் 1,650 வரவேண்டும். அதை முழுதாக நிறுத்தினால் 21,000 தீர கிட்டத்தட்ட 13 மாதம். அந்த 13 மாதமும் அவருடைய சி.பி.பி.யும் பிள்ளைகளின் காசும் மட்டும். ஸ்காபரோவில் அதில் வாடகைகூடத் தேறாது. முழு நிறுத்தத்தை எந்த நிலையிலும் நான் பரிந்துரைக்கமாட்டேன். வேறு வருமானம் உள்ள குடும்பத்துக்குக்கூட.

அளவான கழிவு அப்படியல்ல. வந்த காசின் ஒரு பகுதி செலவாகிவிட்டவர்களுக்கு அதுதான் சரியான வழி. அத்தான் வங்கிக் கடனுக்கு 6,000 கட்டிவிட்டார். மிச்சம் 15,750. அதில் 12,000 உடனே கட்டினோம், 3,750 ஐ சிறுவர் கொடுப்பனவு குறையப்போகும் வருடத்துக்காக ஒதுக்கினோம். மீதி 9,000 மாதம் 300 வீதம் 30 மாதம். வட்டியில்லை என்று எழுத்தில் வாங்கினோம். அவர்கள் முதலில் 800 கேட்டார்கள். வாடகை, மருந்து, மின்சாரம், பிள்ளைகளின் பாடசாலைச் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அனுப்பிய பிறகு 300 க்கு இறங்கினார்கள். கெஞ்சவேண்டியதில்லை. கணக்கைக் காட்டினால் போதும்.

ஒரு பாதகம்: இடையில் எல்.டி.டி. நின்றுவிட்டால் மீதிக் கடன் உடனே கேட்கப்படலாம். பல ஒப்பந்தங்களில் முதல் இரண்டு வருடம் 'சொந்த வேலையைச் செய்யமுடியாது' என்றால் போதும், பிறகு 'தகுதியான எந்த வேலையும் செய்யமுடியாது' என்று காட்டவேண்டும். அந்த எல்லை நெருங்குகிறவர்கள் தவணையை நீட்டாமல் இருப்பது நல்லது.

மறுப்பது

நிறுவனமே பிழைவிட்ட வகைக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்தவர். அவருடைய பகுதிநேரச் சம்பளத்தை முழுநேரமாகப் பதிந்து மூன்று வருடம் கூடுதலாக அனுப்பினார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்ட தாள்கள் எல்லாம் கொடுத்திருந்தார்.

பிழையாகக் கொடுத்த காசைக் கொடுத்தவர் திருப்பிக் கேட்கலாம் என்பதுதான் பொதுச் சட்டம். ஆனால் வாங்கியவர் அது தன்னுடையது என்று நல்லெண்ணத்தோடு நம்பி, அதனால் தன் நிலையை மாற்றிக்கொண்டிருந்தால் திருப்பிக் கொடுக்கவைப்பது அநீதி என்று வாதிடலாம். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1975 இல் சஸ்காச்சுவானின் ஸ்டோர்த்தோக்ஸ் என்ற கிராமிய நகரசபைக்கும் மோபில் ஒயில் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் இந்த வாதத்தை ஏற்றது. ஆனால் காசு வாங்கிய அந்த நகரசபை தோற்றது. காசு பொதுச் செலவோடு கலந்து போனது, அதை நம்பி விசேடமாக எதையும் செய்ததாகக் காட்டமுடியவில்லை.

அதுதான் நமக்கும் அளவுகோல். சாப்பாடு, வாடகை, பழைய கடன் கட்டியது எல்லாம் இந்த வாதத்துக்குப் பலம் தருவது அரிது. அந்த வருமானத்தை நம்பி மகளைப் பட்டப்படிப்புக்குச் சேர்த்தேன், இல்லாவிட்டால் சேர்த்திருக்கமாட்டேன் என்று தாள்களோடு காட்டமுடிந்தால் பலம் இருக்கிறது. சி.பி.பி. கழிவில் இந்த வாதம் பெரும்பாலும் நிற்காது. திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று முன்பே தெரியும் அல்லவா?

காலாவதி வாதத்திலும் கவனம் வேண்டும். வழக்குப் போடும் காலம் கடந்திருந்தாலும், இனிவரும் கொடுப்பனவில் கழிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தால் அவர்கள் அந்த வழியில் முயல்வார்கள். ஆகவே இந்த வகையில் முழு மறுப்பைவிட, மறுப்பதற்கான காரணங்களை எழுதி வைத்துத் தொகையைக் குறைக்கப் பேசுவதுதான் என் தெரிவு. இதற்கு இயலாமைக் காப்புறுதியில் பழகிய வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரமாவது பேசுங்கள். தொழிற்சங்க உறுப்பினர் என்றால் சங்கத்திடம் முதலில் போங்கள். சில கூட்டு ஒப்பந்தங்களில் இந்தப் பிணக்கு நீதிமன்றத்துக்குப் போகமுடியாது, நடுத்தீர்ப்புக்குத்தான் போகும்.

காசில்லாமல் போகக்கூடிய இன்னொரு கதவும் உண்டு: ஆயுள், சுகாதாரக் காப்புறுதி பற்றிய முறைப்பாடுகளை ஆராய்கிற ஒம்புட் சேவை, ஓ.எல்.எச்.ஐ. இலவசம், சுயாதீனம். ஆனால் நிறுவனத்தின் உள் முறைப்பாட்டை முடித்து, 'இதுதான் எங்கள் இறுதி நிலைப்பாடு' என்ற கடிதம் கையில் இருந்தால்தான் எடுப்பார்கள். கணக்குப் பிழை, ஒப்பந்தப் பிரிவை வாசிப்பதில் பிழை போன்றவற்றுக்கு நீதிமன்றத்தைவிட இது பொருத்தம். முறைப்பாடு நடக்கும்போதும் வழக்குக்கான இரண்டு வருடம் ஓடிக்கொண்டிருக்கும் என்றே எண்ணித் திகதியைக் குறித்து வையுங்கள்.

கேட்பது சேர்விஸ் கனடா என்றால் பாதை முற்றிலும் வேறு. சி.பி.பி. கூடுதலாக வந்துவிட்டால் அது அரசுக்கான கடன். ஆனால் அவர்களுடைய நிர்வாகப் பிழையால் வந்தது, அல்லது கட்டினால் மிகுந்த கஷ்டம் ஏற்படும் என்றால் கடனை நீக்கும்படி அமைச்சருக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. காப்புறுதி நிறுவனத்தின் கடிதத்துக்கு எழுதும் பதிலை இங்கே அனுப்பாதீர்கள்.

இன்னும் கடிதம் வராதவர்களுக்கு

சி.பி.பி. விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறவர்களுக்கு இரண்டு தெரிவு முன்கூட்டியே வரும். ஒன்று, சி.பி.பி. வரப்போகும் தொகையை ஊகித்து இப்போதே கழித்துவிடுவது. மற்றது, முழுத்தொகையும் தந்துவிட்டுப் பிறகு கேட்பது. ஊகக் கழிவைத் தவிர்த்துவிடுங்கள். வராத காசுக்காக வருகிற காசு குறைகிறது, சி.பி.பி. மறுக்கப்பட்டால் அதைத் திருப்பி வாங்க நீங்கள்தான் அலையவேண்டும்.

ஐ.எஸ்.பி. 1613 என்ற படிவத்தையும் காப்புறுதி நிறுவனம் தரலாம். அதில் கையொப்பமிட்டால் சேர்விஸ் கனடா மொத்தத் தொகையிலிருந்து காப்புறுதி நிறுவனத்தின் பங்கை நேரே அவர்களுக்கு அனுப்பும். சி.பி.பி. காசை யாரும் பறிமுதல் செய்யவோ மாற்றி எழுதவோ முடியாது என்று சட்டம் சொல்கிறது. இந்தப் படிவம் அதற்கு ஒரு விலக்கு. கையில் காசு தங்காது, வந்ததைச் செலவழித்துவிடுவேன் என்று பயப்படுகிறவர்களுக்கு இது நிம்மதி. ஆனால் கணக்குச் சரிபார்க்கும் முன்பே காசு போய்விடும். அத்தான் அதில் கையொப்பமிட்டிருக்கவில்லை. அதனால்தான் பேச எங்களுக்கு இடமிருந்தது. கணக்கைத் தானே பார்க்கக்கூடியவர் அந்தப் படிவத்தைத் தவிர்ப்பது நல்லது என்பது என் எண்ணம்.

அத்தான் இப்போது ஒவ்வொரு ஜனவரியும் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். 2024 இல் சி.பி.பி. 4.4 வீதம் கூடியது, 2025 இல் 2.6 வீதம். சி.பி.பி. தாளில் எண் மாறுகிறது. காப்புறுதித் தாளில் கழிவு 1,050 இலேயே நிற்கிறதா என்று பார்த்து, பென்சிலால் ஒரு சரி போட்டு, கோப்பில் வைக்கிறார்.